மச்சான் விட்டுப்போன முப்பத்தொரு சீடிகள்

என் மனைவியின் தம்பி கனடாவுக்குப் போனபோது எங்கள் வீட்டில் மூன்று சாமான்களை விட்டுப்போனான். ஒரு கொம்பியூட்டர், ஒரு கம்பளிச் சட்டை, ஓர் அட்டைப்பெட்டி நிறைய விளையாட்டுச் சீடிகள். கம்பளிச் சட்டையை மறந்ததற்காக அவன் போய்ச் சேர்ந்த முதல் கிழமையே வருத்தப்பட்டான். மற்ற இரண்டுக்கும் வருத்தப்பட வேண்டியவன் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் அப்போது கட்டுகஸ்தோட்டையில், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். மகாவலிப் பாலத்துக்கு இரண்டு வளைவு தள்ளி வீடு. நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு டவுனில் புடவைக்கடை. என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்து, ஊரோடு சேர்ந்து எல்லாரும் வெளிக்கிட்ட அந்த வருஷத்தில் தம்பியையும் கூட்டிக்கொண்டு வன்னி வழியாக நடந்தும் வள்ளத்திலும் லொறியிலும் வந்து கண்டியில் நின்றவள். நான் கிளார்க்காக இருந்த அலுவலகத்துக்கே தமிழ் டைப்பிஸ்டாக வந்தாள். எங்கள் கல்யாணம் நடந்த கதை சின்னது: அவளுடைய கடிதங்களில் பிழை இருக்காது, என்னுடைய கோப்புகளில் தூசி இருக்காது. மற்றவர்கள் பார்த்துப் பேசி முடித்துவிட்டார்கள்.

தம்பி எங்களோடுதான் இருந்தான். கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனான். வெளிநாடு போக ஏஜென்சிக்காரனைப் பார்க்கவென்று கொழும்புக்குப் போவான், வருவான். ஒருநாள் போனவன் வரவில்லை. நாலு மாதம் கழித்து டொரண்டோவிலிருந்து டெலிபோன் வந்தது.

டெலிபோன் எங்களிடம் இல்லை. கீழே வீட்டுக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவருடைய ஹோலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தால் நானா படிக்கட்டடியில் நின்று கூப்பிடுவார். நாங்கள் இறங்கிப் போவோம். போய் என்ன பேசுவது? அவனுடைய அகதி வழக்கைப் பற்றி அவன் பேச மாட்டான். எந்த வழியாகப் போனான் என்று நாங்கள் கேட்க மாட்டோம். இங்கே என்ன நடக்கிறது என்று அவன் கேட்க மாட்டான். யாராவது லைனில் இருந்தால் என்ற பயம் எல்லாருக்கும். சாப்பிட்டாயா, குளிரா, உடம்பு சுகமா என்ற மூன்று கேள்வியும் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிறகு கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டான்.

"அத்தான், அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிற கேம் எல்லாம் போட்டுப் பாத்தனீங்களோ?"

"இல்லையே."

"ஒண்டைப் போட்டுப் பாருங்கோ. எனக்குச் சொல்லுங்கோ எப்பிடி எண்டு."

அவன் குரலில் அவ்வளவு நாளாக இல்லாத ஓர் உயிர்ப்பு இருந்தது. நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் கட்டிய வட்டி கொஞ்சமில்லை.

பெட்டியைத் திறந்து எண்ணினேன். முப்பத்தொரு சீடி. ஒன்றிலும் கைரேகைகூடப் படவில்லை. நான் கிளார்க், தொடங்கிய கோப்புக் கட்டை முடிக்காமல் அலுமாரியில் வைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு பழைய கொப்பியை எடுத்து ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எழுதி, பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு நிரலும் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்து வந்து, தேநீர் குடித்து, மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தேன். விளையாட்டு என்று பெயர். எனக்கு அது இரண்டாவது உத்தியோகம்.

முதலாவது, குதிக்கிற விளையாட்டு. ஒரு சின்ன மனிதன் ஓடுவான், பள்ளம் வரும், குதிக்க வேண்டும். நாற்பதை நெருங்கிய, முழங்கால் வலியுள்ள ஒருவனுக்கு இதைவிட மனவருத்தம் தருகிற விளையாட்டு வேண்டியதில்லை. அவன் ஏன் ஓடுகிறான் என்று கடைசிவரை தெரியவில்லை. கண்டியில் அந்த நாட்களில் ஒரு தமிழன் அப்படி ஓடினால் பள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குறிப்பு: 'பார்த்தேன். மேல் நடவடிக்கை தேவையில்லை.'

இரண்டாவது, விமானம் ஓட்டுவது. எத்தனையோ பொத்தான்களை ஒழுங்குப்படி அழுத்தினால்தான் அது நிலத்தை விட்டுக் கிளம்பும். நான் இரண்டு மாதம் முயன்றேன். ஆகாயத்தைப் பார்க்கவில்லை. ஓடுபாதை முடிகிற இடத்திலுள்ள புல்லின் நிறத்தைக் கேட்டால் இன்றும் சொல்வேன்.

ஐந்தாவது, படை திரட்டுகிற விளையாட்டு. மரம் வெட்டி, கல் உடைத்து, குதிரை வளர்த்து எதிரியின் ஊரைப் பிடிக்க வேண்டும். நான் வயல் செய்தேன். வயலுக்குப் பக்கத்தில் இன்னொரு வயல். மனிதர்கள் நிம்மதியாக நெல் சுமந்து திரிந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நன்றாக இருந்தது. கோட்டை கட்ட நான் மறந்தே போனேன். எதிரி வந்து எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தச் சீடியை நான் போடவில்லை.

எனக்கு அந்த நெருப்பு பழக்கம். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்தபோது நாங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் கார் கொட்டகைக்குள் இரண்டு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தரை நல்லாத்தான் இருக்கு" என்றார். அதே தரையில் திரும்பவும் கடை போட்டார். விளையாட்டில் 'சேவ்' என்று ஒரு வசதி உண்டு; எதுவரை வந்தோமோ அதைச் சேமித்து வைத்தால், செத்தாலும் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். அப்பா ஐம்பத்திரண்டு வயதில் முதல் படியிலிருந்து தொடங்கினார். கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து சேவ் பண்ணுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அவருடைய ஞாபகம் வந்து கை அலுத்துப்போகும்.

இன்னொன்று, துப்பறியும் கதை. பூட்டிய கதவின் திறப்பு ஒரு மீனின் வயிற்றில் இருக்கும். மீனைப் பிடிக்கத் தூண்டில் வேண்டும். தூண்டில் ஒரு பாதிரியாரின் கட்டிலுக்குக் கீழே. பாதிரியார் வெளியே போக வேண்டுமென்றால் மணி அடிக்க வேண்டும். இதை எழுதிய ஆள் எங்கள் அலுவலகத்தில் எப்போதோ வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது என் முடிவு.

கிரிக்கெட் ஒன்று இருந்தது. அதில் நான் எந்த அணியை வேண்டுமானாலும் எடுத்து விளையாடலாம். ஏன் அதை எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பேய் வருகிற விளையாட்டை என் மனைவி பின்னால் நின்று பார்த்துச் சிரித்தாள். "இதுகள் கதவை உடைச்சுக்கொண்டு வருதுகள், சரி. ஆனா ஒண்டும் அடையாள அட்டை கேக்குதில்லையே" என்றாள்.

அவள் அதுவரை இந்த விஷயத்தில் கை வைக்கவில்லை. பதினான்காவது சீடியில்தான் எல்லாம் மாறியது.

அது ஒற்றை ஆளாக எதிரியின் கோட்டைக்குள் நுழைகிற விளையாட்டு. காவல்காரர்களின் கண்ணில் படாமல் பதுங்கிப் போக வேண்டும். ஒரு ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்தைத் தகர்த்தால் நாலாம் கட்டம் முடியும். நான் முதலாவது வாசலையே தாண்டவில்லை. பதினைந்து நாள் செத்தேன். ஒரு சனிக்கிழமை அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எழும்புங்கோ. பாக்கவே ஏலாமல் கிடக்கு."

அவள் உட்கார்ந்தாள். பதினைந்து வருஷம் டைப்ரைட்டரில் ஓடிய விரல்கள். கண் திரையில், கை விசைப்பலகையில். ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. அரைமணி நேரத்தில் இரண்டு வாசல் தாண்டிவிட்டாள். ஆனால் அவளுக்கு வழி ஞாபகம் நிற்காது. வந்த பாதையிலேயே திரும்பவும் வருவாள். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவள் விளையாடுவாள். நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து வரைபடம் கீறுவேன்.

வரைபடம் நான் கீறினால் எப்படி இருக்கும்? அளவாக, வடக்குத் திசை காட்டி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, அலுவலகத் தமிழில். 'பாலம். காவல் - இருவர். மூன்றாவது தூணின் அடியில் குண்டு வைக்கவும். பின்னர் இவ்வழியாக ஓடவும்.' கீழே, பழக்கதோஷத்தில், என்னுடைய சுருக்கொப்பம்.

பாலம்வரை வந்த கிழமை, ஞாயிறு டெலிபோனில் நான் மச்சானிடம் உற்சாகமாகச் சொன்னேன். "பாலத்துக்கு வந்தாச்சு. ரெண்டு காவல்காரன் நிக்கிறான். குண்டை எந்தத் தூணுக்கு வைக்கிறதுன்னு கண்டுபிடிச்சிட்டோம். அடுத்த கிழமை உங்க அக்கா வச்சிருவா."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். நானா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"தம்பி, என்ட டெலிபோன்ல நீங்க என்னத்த பேசுறீங்க?"

"கேம் நானா. கொம்பியூட்டர் விளையாட்டு."

"விளையாட்டா? அந்தா ஈக்கிது பாலம். ரெண்டு பக்கமும் ஆமிக்காரன் நிக்கிறான். நீங்க இங்க நிண்டு தூணு, குண்டுன்னு செல்லுறீங்க. அல்லாவே! எனக்கு நாலு பொம்புளப் புள்ளைகள் ஈக்கிது தம்பி."

அவரை மேலே கூட்டிப் போய்த் திரையைக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். பயம் தெளிந்ததா என்று தெரியவில்லை. "மழையப் பத்திப் பேசுங்களேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பத்து நாள் கழித்து, விடிந்து வெளிச்சம் வந்த நேரம், எங்கள் வட்டாரம் முழுக்கத் தேடுதல் நடந்தது. யாரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை; தமிழர் இருக்கிற வீடு எல்லாவற்றுக்கும் அன்று போனார்கள். தலதா மாளிகை விகாரைக்கு முன்னால் குண்டு வெடித்த பிறகு இது வழக்கமாகிவிட்டது. நாங்களும் பொலிஸில் பதிந்த துண்டு, அடையாள அட்டை, அலுவலகக் கடிதம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கதவருகே தொங்கவிட்டிருந்தோம். என் மனைவி அன்று விடியவே வெளிக்கிட்டு, சுகமில்லாத சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க நாவலப்பிட்டிக்குப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன்.

சிப்பாய் ஒருவன் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தான். சீடி உறைகளில் துவக்கு, டாங்கி, ஹெலிகொப்டர், எரிகிற நகரம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். அதுவரைக்கும் பரவாயில்லை, அவனும் சின்ன வயசுக்காரன், படங்களைப் பார்க்கிற பார்வையில் ஆசை தெரிந்தது. பிறகு பொலிஸ்காரர் ஒருவர் மேசை லாச்சியை இழுத்தார்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டார். கையில் என் வரைபடம்.

எனக்குச் சிங்களம் தாய்மொழி போல வரும். அந்த நிமிஷம் கவிழ்ந்து கிடந்த சீடிகளைக் கையால் காட்டத்தான் வந்தது.

அவர்களோடு இருந்த, தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். பாலம். காவல் இருவர். குண்டு வைக்கவும். ஓடவும். வாசித்து முடித்து, கீழே இருந்த சுருக்கொப்பத்தில் விரலை வைத்து, "இது யார்?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

கொம்பியூட்டரையும் கொண்டு வரச்சொன்னார்கள். ஜீப்பில் மொனிட்டரை என் மடியில் வைத்தார்கள். பாலத்தைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மொனிட்டரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் என்னை விசாரித்தவர் வயதான இன்ஸ்பெக்டர். வாசிக்கிற கண்ணாடி போட்டிருந்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை. அதனால் எனக்குப் பயம் கூடியது. நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்.

"இது விளையாட்டு என்கிறாய்."

"ஓமோம் சேர்."

"இந்தப் பாலம் அந்த விளையாட்டுக்குள் இருக்கிறது."

"இருக்கு சேர். நாலாம் கட்டத்துல."

"காட்டு."

மேசையில் கொம்பியூட்டரை வைத்து வயர்களைப் பூட்டினார்கள். நாங்கள் சேமித்து வைத்த இடம் முதலாம் கட்டத்தின் தொடக்கத்தில் இருந்தது. அதற்கு முந்தின நாள் மின்வெட்டில் மற்றதெல்லாம் போய்விட்டது. நான் தொடங்கினேன். வியர்வையில் விரல் வழுக்கியது. முதல் வாசலில் செத்தேன். திரும்பவும் தொடங்கினேன். செத்தேன். ஒன்பதாவது தடவை செத்தபோது இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ எப்போதும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான் சேர்."

"முதல் வாசலைத் தாண்டத் தெரியாத நீ நாலாம் கட்டத்தின் வரைபடம் எப்படிக் கீறினாய்?"

நல்ல கேள்வி. எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. "நான் கீறினது மட்டும்தான் சேர். விளையாடினது என் மனைவி" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று விளங்கியது. காலையிலிருந்து நான் பட்ட பாடெல்லாம் அவள் பெயர் அந்த மேசைக்கு வரக்கூடாது என்பதற்குத்தான். நான் கண்டியில் பிறந்தவன். எனக்குச் சொல்ல ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், நாலு சிங்களச் சிநேகிதர் இருந்தார்கள். அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

அவள் வந்தபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். நாவலப்பிட்டியிலிருந்து திரும்பி பஸ்ஸால் இறங்கியதுமே நானா விஷயத்தைச் சொல்லி, பதிவுத் துண்டுகள் உள்ள பிளாஸ்டிக் உறையையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "நல்ல பிள்ளைகள் மாத்தயா. என்ட வீட்டுல மூணு வருஷம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அவளுடைய அட்டையைப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தம்பி எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில் என்றாள். எழுதிக்கொண்டார். பிறகு கதிரையைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழும்பினாள்.

"கதிரை பதிவாக் கிடக்கு, கை எட்டேல்லை" என்று என்னிடம் சொன்னாள். "கேளுங்கோ, மேல வைக்க ஏதும் இருக்கோ எண்டு."

நான் சிங்களத்தில் சொன்னேன். கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் போய்ப் பழைய கோப்புக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கதிரையில் வைத்தார். யாருடைய வழக்கோ, அதன்மேல் அவள் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டைத் தூக்கி, கடிதம் அடிக்கத் தொடங்குகிற மாதிரி விரல்களை வைத்தாள்.

தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் என் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதில் உள்ளதை ஒவ்வொன்றாக வாசித்துச் சிங்களத்தில் சொல்ல, திரையில் அது வருகிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்த்தார். இடது பக்கம் ஒரு களஞ்சியம், வந்தது. மதிலோரம் ஒரு நாய், வந்தது. கான்ஸ்டபிளின் குரல் போகப் போக மாறியது. "மிஸ், அடுத்த மூலையில் ஒருவன் இருக்கிறான், பார்த்து" என்று எச்சரிக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்து அறைகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். ஒரு காவல்காரன் திரும்பிப் பார்க்கப் போகிற நேரம் யாரோ "அபோ!" என்றார்கள். அவள் திரும்பவில்லை.

முக்கால் மணி நேரம் போனது. அவள் ஒரு தடவையும் சாகவில்லை.

ஆறு வந்தது. பாலம் வந்தது. காவல் இருவர். கான்ஸ்டபிள் என் தமிழை வாசித்தார், "மூன்றாவது தூணின் அடியில்." அவளுடைய ஆள் குனிந்து குனிந்து மூன்றாவது தூணடிக்குப் போய் நின்றான்.

அவள் கையை எடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், அலுவலகத்தில் மேலதிகாரியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சேர், குண்டு வைக்கவா, வேண்டாமா?"

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம் மிஸ். போதும். நிப்பாட்டுங்க."

பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் ஏமாற்றத்தோடு நகர்ந்தது எனக்குக் கேட்டது.

இருட்ட முதல் எங்களை விட்டார்கள். வாக்குமூலத்தில் ஒப்பமிட்டேன். கொம்பியூட்டரும் சீடிகளும் பரிசோதனைக்கு இருக்கட்டும் என்றார்கள். என் வரைபடத்துக்கு இலக்கம் போட்டு, துளை குத்தி, ஒரு கோப்பில் சேர்த்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒழுங்காகத்தான் சேர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். சத்தம் இல்லாதபடியால் எட்டிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்து நடுங்கின. மீன் துடிக்கிற மாதிரி, அவளுக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"அது சரி. வேற என்ன செய்யிறது." கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டு சொன்னாள், "அந்த ஆள் செத்தா அவங்கள் சிரிப்பாங்கள். திரும்பத் தொடங்கு எண்டுவாங்கள். எனக்குத் தெரியும். ஆனா அவன் செத்தா உங்களை விடமாட்டாங்கள் எண்டுதான் எனக்குப் பட்டது. அப்பிடி நினைச்சு நினைச்சுக் கொண்டு போனன்."

அன்று கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டோம். அவள் கை சோறு வடிக்கிற நிலையில் இல்லை.

அடுத்த ஞாயிறு மணி அடித்தது. "அத்தான், பாலம் என்னாச்சு?" என்றான் மச்சான். "இங்க நல்ல மழை" என்றேன். அவன் புரிந்துகொண்டான். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கள் இரண்டு நாட்டு மழையையும் வெயிலையும் பற்றிப் பேசினோம். அவ்வளவு விரிவான காலநிலை அறிக்கையை வானொலிக்காரர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சமாதானம் என்று கொஞ்சக் காலம் வந்தபோது, கொம்பியூட்டரை எடுத்துப்போகச் சொல்லிக் கடிதம் வந்தது. போனேன். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். பெட்டியில் முப்பத்தொரு சீடியும் இருந்தன, ஒன்றும் குறையவில்லை. மவுஸின் வயிற்றில் இருக்கிற உருண்டையை மட்டும் காணவில்லை.

வீட்டில் வயர்களைப் பூட்டிப் பதினான்காவது சீடியைப் போட்டேன். சேமித்து வைத்த இடங்களின் பட்டியல் திறந்தது. எங்களுடையது ஒன்று இருக்க வேண்டும். பதினொன்று இருந்தன. பொலிஸ்காரர்களின் பதவிப் பெயர்களிலேயே சேமித்திருந்தார்கள். ஒரு சார்ஜன்ட் ஒன்பதாம் கட்டம்வரை போயிருந்தார். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரைக்குக் கிட்டக் குனிந்து வாசித்தாள்.

"என்னைவிடக் கெட்டிக்காரர்தான்" என்றாள். பிறகு சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன், ஆனால் எனக்குப் பாதியில் களைத்துவிட்டது.

மிச்சத்தை நான் தொடர்ந்தேன். கொப்பியில் நிரல் இருந்தது, விட மனமில்லை. ஒரு விளையாட்டு முழுக்க ஜப்பான் பாஷையில் இருந்தது. மூன்று கிழமை விளையாடியும் நான் ராஜாவா திருடனா என்று தெரியவில்லை. இன்னொன்றில் ஒரு நகரத்துக்கு மேயராக இருக்க வேண்டும். பகலெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன் குழாய்த் தண்ணீர் முறைப்பாடு கேட்பதற்கு நான் பிறக்கவில்லை. என் தீர்ந்த அபிப்பிராயம் இது: விளையாட்டைச் செய்கிறவர்கள் நன்றாகத் தூங்கி எழும்புகிறவர்கள். உலகத்தில் மற்றவர்களுக்கும் ஆபத்துப் போதாமல் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

இருபத்தாறு முடித்திருந்தபோது மச்சானுக்கு அகதி வழக்கு வென்று அங்கே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் கிடைத்தது. அந்த ஞாயிறு அவன் முதல் தடவையாகப் பயமில்லாமல் பேசினான். அக்காவோடு ஒரு மணி நேரம் அழுதான். பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"மச்சான், இன்னும் அஞ்சுதான் இருக்கு" என்றேன். "முடிச்சிருவேன்."

"என்ன அஞ்சு?"

"உன்ட சீடி."

பிறகு சொன்னான்.

"அத்தான், உண்மையைச் சொல்லட்டோ? எனக்கு கேம் விளையாடுறதே பிடிக்காது. ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு முறையும் அடுத்த கிழமை வா எண்டுவான். அக்கா பாத்துக்கொண்டிருப்பா, வெறுங்கையோட எப்பிடி வாறது? புறக்கோட்டைக் கடையில ஒரு சீடியை வாங்கிக்கொண்டு வருவன். கொம்பியூட்டர் படிக்க வாங்கினது எண்டு அக்கா நினைப்பா. டெலிபோனில கேட்டது… வேற என்ன கேக்கிறது சொல்லுங்கோ?"

முப்பத்தொரு தடவை அவன் கொழும்புக்குப் போய்த் திரும்பியிருக்கிறான். நாங்கள் பத்துப் பன்னிரண்டு தடவை என்று நினைத்திருந்தோம். நான் அவனை ஏசவில்லை. மேலே வந்து கொப்பியை எடுத்துக் கடைசி ஐந்து வரிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அலுவலகத்தில் இருபது வருஷத்தில் நான் அப்படி ஒரு கோப்பை மூடியதில்லை. கதிரையில் சாய்ந்தேன், அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

எழும்பியபோது கொம்பியூட்டர் ஓடுகிற சத்தம். அவள் உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்ததில் ஒன்று, காரோட்டப் போட்டி. மற்றக் கார்களெல்லாம் எப்போதோ போய்விட்டன. அவள் தன் காரை மெல்ல மெல்ல, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கடலோரம் ஒரு பாதை, இரண்டு பக்கமும் மரம். நீ கடைசி, நீ கடைசி என்று திரையில் சிவப்பு எழுத்து மின்னியது.

"பிழையான பக்கம் போறே" என்றேன்.

"தெரியும்."

"போட்டி முடிஞ்சு போச்சு."

"ஓம். இந்த ரோட்டில எவ்வளவு தூரம் வந்திட்டன் தெரியுமோ? ஒரு இடத்திலயும் மறிக்கேல்லை."

நான் எழும்பிப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். நான் திரும்பி வந்தபோதும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் பழைய கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.